ஆறு மில்லிமீட்டர்

ஜனவரி 6

கொழுந்தனார் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஒன்பது ஆண்டுகளாக அந்த ஆவல் இல்லாதவள் இப்போது அப்படி எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அண்ணன் போவதற்கு முன் எனக்கு இரண்டு ஜோடி ஷூ செய்துவைத்துவிட்டுப் போனார். பதினான்கு மாதங்களில் ஒரு ஜோடி தேய்ந்து முடிந்தது. மற்றதில், இடது காலின் அடிக்கட்டை போன வாரம் குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. கார்க் உதிர்கிறது. நான் நடந்த வழியெல்லாம் பழுப்புத் தூள். ஒரு நாளில் வீட்டுக்குள் எங்கெங்கே போனேன் என்பதைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நீங்கள் இருவரும் வேலை பார்த்த ஆஸ்பத்திரிப் பட்டறைக்குப் போனேன். பட்டறை இல்லை. அந்த இடத்தில் ஒரு கவுண்டர் இருக்கிறது. அங்கிருந்த பெண் ரெடிமேட் ரப்பர் குதிகால் ஒன்றை எடுத்து நீட்டினாள். இருபது மில்லிமீட்டர். என் இடது கால் அறுபது மில்லிமீட்டர் குட்டை என்றேன். "அவ்வளவு உசரத்துக்கெல்லாம் இப்ப யாரும் செய்யறதில்ல பாட்டி. டாக்டர்கிட்ட சொல்லி வீல்சேர் எழுதித் தரச் சொல்லட்டுமா?" என்றாள். நான் அவளுக்குப் பாட்டி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் மகன் மார்ச் முதல் தேதி வருகிறான். பார்க்க அல்ல, அழைத்துப் போக. வீடு மாடியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு படி. "நீங்களா, யார் கையையும் பிடிக்காம இறங்கி வந்து காட்டுங்க. அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்" என்று போனில் சொன்னான். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் எனக்குச் செய்துதர வேண்டாம். அது என்றோ முடிந்த விஷயம். கார்க் பலகை நான்கு, அவருடைய அலமாரியில் இருக்கின்றன. அளவு அவருடைய நோட்டில், அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. கார்க்கைத் தேய்த்து வடிவம் கொண்டுவரும் அந்த மெஷின் எங்கே கிடைக்கும், என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

போன் செய்ய வேண்டாம். போனில் சொன்னதை எடுத்துவைத்துத் திரும்பப் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மனைவி


ஜனவரி 14

அண்ணி,

கடிதம் கிடைத்தது. பிரிப்பதற்கு முன்பே உங்களுடையது என்று தெரிந்துவிட்டது. கடித மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்க்கிற ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

மெஷின் எங்கும் தேட வேண்டாம். கடையில் இப்போது விற்பது விளையாட்டுச் சாமான். என்னுடையது சும்மாதான் இருக்கிறது. இந்த வாரம் லாரி சர்வீஸில் போட்டுவிடுகிறேன். முப்பத்தெட்டு கிலோ. மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். நீங்கள் ஒரு பக்கம் பிடிக்கப் போகாதீர்கள். போவீர்கள் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

பெயர் கேட்டிருந்தீர்கள். பட்டறையில் 'டிரம் மெஷின்' என்போம். நடுவில் மோட்டார். இரண்டு பக்கமும் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். தண்டில் வேலைக்குத் தகுந்த மாதிரி தலையை மாற்றி மாற்றிப் போடலாம். பெரிய டிரம், சின்ன டிரம், கூம்பு, காளான். டிரம்மின் மேல் உப்புத்தாள் உறை, தலையணைக்கு உறை போடுகிற மாதிரி. மெஷினை மேஜையோடு போல்ட் போட்டு இறுக்காமல் ஓட்டிவிடாதீர்கள். மேஜையை விட்டு அது தனியாக நடக்க ஆரம்பித்துவிடும். நம் வீட்டில் அதற்கும் சேர்த்து யார் ஷூ செய்வது?

நான் வந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் வருகிற நிலையில் நான் இல்லை. நீங்களும் கூப்பிடவில்லை. எனவே இரண்டுக்கும் சரியாகப் போயிற்று.

கொழுந்தன்


ஜனவரி 27

கொழுந்தனார் அவர்களுக்கு,

பெட்டி நேற்று வந்தது. நன்றி.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பக்கத்துக்கு எட்டே வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த எட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுகின்றன. எங்கள் பள்ளியில் இப்படி எழுதினால் சிஸ்டர் தாளைக் கிழித்துக் கையில் கொடுப்பார். வயதானால் கையெழுத்து தளரலாம். இப்படி ஏறிக் குதிக்கக் கூடாது.

சுமந்து வந்தவர்கள் இருவரும் நடுக்கூடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆணி பிடுங்க எனக்கு ஒரு காலைப் பொழுது ஆனது. ஒவ்வொரு தலையையும் துணியில் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறீர்கள். ஒரு கயிற்றில் ஒரு முடிச்சு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, ஒன்றில் நான்கு. எது எதற்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்தால் என்ன? நான்கையும் பிரித்துத் தரையில் பரப்பிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரியதும் சிறியதும் தெரிகிறது. காளான் எதற்கு என்று விளங்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் பொருத்தப் போகிறேன். வீட்டில் கனமான மரம் அது ஒன்றுதான். இருவர் உட்கார்ந்து சாப்பிட்டது. ஒருத்தி நின்றுகொண்டே சாப்பிடலாம்.

கீழ்வீட்டுக் கரண்ட்காரர் ஓட்டை போட வருவதாகச் சொல்லியிருக்கிறார். மேஜையைத் தட்டிப் பார்த்தவர், "இதுலயா? மனசு வருமா உங்களுக்கு?" என்று கேட்டார். மனது வருமா என்பது என் கவலை, ஓட்டை நேராக வருமா என்று நீங்கள் கவலைப்படுங்கள் என்றேன்.

எப்படி மாட்டுவது, எங்கிருந்து தொடங்குவது என்பதை ஒழுங்காக எழுதுங்கள். உங்கள் மெஷின் ஏன் சும்மா இருக்கிறது என்பதையும் நீங்கள் எழுதவில்லை.

அண்ணன் மனைவி


பிப்ரவரி 3

அண்ணி,

ஒரு முடிச்சு பெரிய டிரம். இரண்டு சின்ன டிரம். மூன்று கூம்பு. நான்கு காளான். காளான், குதிகால் உட்காருகிற குழிக்கு. உங்களுக்கு வெளிப்பக்கம் பெரிய டிரம், உட்பக்க வளைவுக்குச் சின்ன டிரம் போதும். கூம்பைத் தொட வேண்டாம், விரலைப் பிடித்துக்கொள்ளும்.

மேஜைக் காலுக்கு நேர் மேலே வருகிற மாதிரி வையுங்கள், நடு மேஜையில் வேண்டாம். மெஷினுக்கும் மரத்துக்கும் நடுவில் பழைய ரப்பர் ஒரு துண்டு போடுங்கள். நான்கு போல்ட்டையும் ஒன்றையொன்று எதிர்மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒன்றை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஆடும்.

உறைக்குள் ஒரு அம்புக்குறி இருக்கும். டிரம் சுற்றுகிற பக்கம் அது பார்க்க வேண்டும். உறையைப் போட்டு, பக்கவாட்டு நட்டை முடுக்கினால் டிரம்மின் ரப்பர் புடைத்து உறையைக் கவ்விக்கொள்ளும். கையால் உறையைத் திருகிப் பாருங்கள். நகரக் கூடாது. வலது பக்க நட்டு எல்லா நட்டையும் போல. இடது பக்கம் மட்டும் மரை தலைகீழ், கழற்ற வேண்டுமானால் முடுக்குகிற பக்கம் திருப்ப வேண்டும்.

தொங்குகிற துணி, கண்ணாடிச் சங்கிலி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நில்லுங்கள். கார்க்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். அழுத்தாதீர்கள், காட்டினால் போதும். அது தின்றுகொள்ளும். விட்டுவைத்ததை நாளைக்கும் எடுக்கலாம், எடுத்ததை ஒட்டவைக்க முடியாது.

உயரம் ஐம்பத்துநாலு வையுங்கள்.

வேலை குறைந்துபோயிற்று. அதனால் மெஷின் சும்மா இருந்தது.

கொழுந்தன்


பிப்ரவரி 11

கொழுந்தனார் அவர்களுக்கு,

மெஷின் பொருந்திவிட்டது. பொருந்திய கதையைச் சொல்லிவிட்டு நீங்கள் எழுதிய உயரத்துக்கு வருகிறேன்.

இடது பக்கம் என்று எழுதினீர்கள். யாருக்கு இடது? கரண்ட்காரர் மெஷினுக்குப் பின்னால் நின்றிருந்தார், நான் முன்னால் நின்றிருந்தேன். அவருடைய இடதில் அவரும் என்னுடைய இடதில் நானும் ஸ்பேனரோடு போராடி இரண்டு நட்டையும் கல் போல் இறுக்கிவிட்டோம். "அம்மா, இத கழட்டறதுக்கு லாரியத்தான் கட்டி இழுக்கணும்" என்றார். பிறகு இருவரும் ஒரே பக்கம் வந்து நின்று எதிர்ப்பக்கமாகத் திருப்பினோம், வந்துவிட்டது.

இரண்டாவது தவறு என்னுடையது. ஒயர் முன்பக்கம் தொங்குவது எனக்குப் பிடிக்காது. ஆகவே ஒயர் சுவர்ப்பக்கம் போகும்படி மெஷினைத் திருப்பிப் பொருத்தச் சொன்னேன். கரண்ட்காரர் ஒரு வார்த்தை சொன்னார், நான் கேட்கவில்லை. முதல் கார்க் துண்டைக் காட்டியதும் டிரம் அதைக் கையிலிருந்து பிடுங்கி மேலே எறிந்தது. அது நேராகப் போய்ச் சுவரில் இருந்த உங்கள் அண்ணன் படத்தில் பட்டது. கண்ணாடி உடையவில்லை. அவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. டிரம்மின் முகம் என் பக்கத்தில் மேலிருந்து கீழே சுற்ற வேண்டும் என்பது அப்போதுதான் புத்தியில் ஏறியது. போல்ட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டோம். இப்போது ஒயர் தொங்குகிறது. பார்க்காமலிருக்கப் பழகுகிறேன்.

நான்கு நாளாக வீண் துண்டுகளில் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் தேய்த்தது எலி கடித்ததுபோல் இருந்தது. நேற்றுத் தேய்த்ததை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இனி உங்கள் ஐம்பத்துநாலு.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் முதுகு அறுவைச் சிகிச்சையில் படுத்திருந்தபோது நீங்கள் எனக்கு ஒரு ஜோடி செய்துகொண்டு வந்தீர்கள். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஐம்பத்துநாலு இருந்தது. அறுபது எங்கே என்று கேட்டேன். நீங்கள் வாய் திறக்கவில்லை. உங்கள் அண்ணனும் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வார்டு முழுக்கக் கேட்க நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது: "ஆறு மில்லிமீட்டர் திருடறவன் எதையும் திருடுவான்." ஷூவைத் தூக்கி உங்கள் கையில் திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் ஊரை விட்டே போனீர்கள். அண்ணன் சாவுக்கு வந்தும் வாசலோடு திரும்பினீர்கள். அன்று சொன்ன வார்த்தை கடுமையானதாக இருக்கலாம். ஸ்கேல் பொய் சொல்லாது.

பத்து வயதில் என்னைத் தலையில் புத்தகத்தை வைத்து வராந்தாவில் நடக்கவிட்டார்கள். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று சிஸ்டர் பின்னாலிருந்து பார்ப்பார். மற்றப் பெண்களுக்குப் புத்தகம் விழவில்லை. எனக்கு விழுந்துகொண்டே இருந்தது. திருமணமாகி உங்கள் அண்ணன் செய்து தந்த முதல் ஷூவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோதுதான் என் தோள்கள் நேராக இருப்பதைப் பார்த்தேன். அவருடைய நோட்டில் நாற்பது வருஷமும் ஒரே எண்தான். அறுபது. நீங்கள் இன்னும் ஐம்பத்துநாலிலேயே நிற்கிறீர்கள். இது கவனக்குறைவா, பிடிவாதமா என்று தெரியவில்லை.

அண்ணன் மனைவி


பிப்ரவரி 17

அண்ணி,

ஸ்கேல் பொய் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை.

காரணம் கேட்காதீர்கள், என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். அறுபதுதான் வைப்பேன் என்றால் வையுங்கள். முடிந்ததும் நேரே படிக்குப் போகாதீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நாலு நாள் நடங்கள். கால் எங்கேயாவது தட்டினால், லேசாகத் தட்டினாலும், கழற்றி வைத்துவிட்டு எழுதுங்கள். தட்டுகிறது என்று ஒரு வார்த்தை போதும்.

இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்தன்


பிப்ரவரி 24

கொழுந்தனார் அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்க வேண்டாம். இது என் இடது கை. வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. இடது கையால் எழுதினால் சிஸ்டர் முட்டியில் அடிப்பார், அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று ஷூ முடிந்திருந்தது. அறுபது. நான்கு மூலையிலும் அளந்தேன், நான்கிலும் அறுபது. அப்படி ஒரு வேலையை என் கை செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை. மேஜையில் வைத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூடத்தில் நடந்தேன். இரண்டு தடவை தட்டியது. மிதியடியின் விளிம்பு என்று நினைத்து மிதியடியை எடுத்துவிட்டேன். மறுபடியும் தட்டியது. தரைதான் மேடு பள்ளம் என்று நினைத்தேன். அந்தத் தரையில் நாற்பது வருஷமாக நடக்கிறேன்.

சனிக்கிழமை காலை படிக்குப் போனேன். முதல் படி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் இடது காலை வீசிக் கொண்டுபோகும்போது அடிக்கட்டை படியின் விளிம்பில் இடித்தது. கையை ஊன்றினேன். சத்தம் கேட்டுக் கரண்ட்காரர் ஓடிவந்தார். "ஏம்மா, ஒரு குரல் குடுத்திருந்தா நான் வந்து பிடிச்சிருக்கமாட்டேனா?" என்றார். யாரையும் பிடிக்காமல் இறங்குவதுதானே பந்தயம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்தேன். உங்கள் அண்ணன் செய்த பழைய ஷூக்களில் சிலவற்றை எறியாமல் வைத்திருக்கிறேன். ஏழு இருக்கின்றன. அடியில் ரப்பர் தேய்ந்திருக்கும், ஆனால் ரப்பருக்கும் தோலுக்கும் நடுவில் கார்க் தேயாது. தரையில் உட்கார்ந்து, இடது கையில் ஸ்கேலைப் பிடித்து, ஒவ்வொன்றாக அளந்தேன்.

ஐம்பத்துநாலு. ஐம்பத்துநாலு. ஐம்பத்துநாலு. ஏழிலும் அதே.

நீங்கள் செய்ததை மட்டும்தான் அளந்தேன். அவர் செய்ததை ஒரு நாளும் அளந்ததில்லை. அவர் செய்ததை நான் ஏன் அளக்க வேண்டும்?

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுதுங்கள். மகன் ஒன்றாம் தேதி வருகிறான். ஆறு மில்லிமீட்டரைத் தேய்த்து எடுத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. மெஷின் பத்தடி தூரத்தில் இருக்கிறது. கார்க்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதும் இருக்கிறது. எனக்கு ஒரு கைதான் இருக்கிறது.


மார்ச் 2

அண்ணிக்கு,

இதை எழுதுவது நான் இல்லை, பக்கத்து அறைக்காரர். ஓய்வுபெற்ற தபால்காரர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தவர். இப்போது பிரித்துப் படிக்கக் கிடைத்ததில் அவருக்கு ஒரு திருப்தி. (அம்மா, சார் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். இது மட்டும் உண்மையில்லை.)

தெரியும் அண்ணி. ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

குட்டையான காலை முழு உயரத்துக்குத் தூக்கக் கூடாது. பலம் குறைந்த கால் வீசி முன்னால் வரும்போது கீழே கொஞ்சம் இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் தட்டும். பட்டறையில் யாருக்குச் செய்தாலும் குறைத்துத்தான் வைப்போம். கல்யாணமான புதிதில் அண்ணன் இதை உங்களிடம் சொன்னார். நீங்கள், ரெண்டு தோளும் நேராக இருந்தால் போடுகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்றீர்களாம். அவர் நோட்டில் அறுபது என்று எழுதிவிட்டு ஐம்பத்துநாலு செய்தார். கண்ணாடியில் உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அன்று நீங்கள் வார்டை விட்டுப் போனதும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிடாதடா. அறுபதுன்னு நெனச்சு நடக்கறதாலதான் அவ நிமிர்ந்து நடக்கறா" என்றார். நான் சரி என்றேன். அவர் போன பிறகு அந்தச் சரியை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. படியில் நீங்கள் விழுவீர்கள் என்று தெரிந்தும் நான் சொல்லவில்லை. கெஞ்சினால் போதும் என்று நினைத்துவிட்டேன். அது என் தப்பு.

(இங்கே சார் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். நான் காத்திருந்தேன்.)

மெஷின் ஏன் சும்மா இருந்தது என்று கேட்டீர்கள். கண்ணில் அழுத்தம். நரம்பு போய்விட்டது. ஒரு கண் மூன்று வருஷத்துக்கு முன்பே போயிற்று. இன்னொன்றில் சாவித் துவாரம் அளவுக்கு வெளிச்சம் இருந்தது. உங்கள் கடிதங்களைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அதுவும் போன மாதக் கடைசியில் மூடிக்கொண்டது. முடிச்சுப் போட்டது அதனால்தான். சீட்டு எழுதினால் என்னாலேயே படிக்க முடியாது.

கண் இருந்தால் கை இல்லை, கை இருந்தால் கண் இல்லை. என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

அன்று நீங்கள் திருப்பிக் கொடுத்த ஷூ என்னிடம் இருக்கிறது. உள்ளே காகிதம் திணித்து, வருஷம் ஒரு தடவை தோலுக்கு எண்ணெய் தேய்த்து வைத்திருக்கிறேன். தபால்காரர் நாளைக்குப் பார்சல் போடுகிறார். ஒன்றாம் தேதிக்கு வராது என்று தெரியும். ஒன்றாம் தேதி நேற்றே போய்விட்டது.

கொழுந்தன்


மார்ச் 19

தம்பி,

மூன்று நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது கைக்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை.

நான் மகன் வீட்டில் இருக்கிறேன். ஒன்றாம் தேதி அவன் வந்து என் கைக்கட்டைப் பார்த்தான். பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "தூக்கிக்கறேம்மா" என்று குனிந்தான். கீழே கரண்ட்காரர், அவர் மனைவி, எதிர்வீட்டார் எல்லோரும் நின்றிருந்தார்கள். தூக்க வேண்டாம் என்றேன். மேல்படியில் உட்கார்ந்தேன். ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, உட்கார்ந்தபடியே இறங்கினேன். இருபத்திரண்டு படி. யார் கையையும் பிடிக்கவில்லை. அதை வெற்றி என்று சொன்னால் நீ சிரிப்பாய். மகன் எனக்கு முன்னால் பின்பக்கமாக இறங்கிக்கொண்டே வந்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்ததுதான் கஷ்டம்.

மெஷின் மேஜையிலேயே இருக்கிறது. மேலே பழைய போர்வை போட்டுவிட்டு வந்தேன். வீட்டைப் பூட்டினோம். சாவி என்னிடம் இருக்கிறது. வீட்டை என்ன செய்வது என்று மகனும் மருமகளும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். காது எனக்கு நன்றாகவே கேட்கிறது.

இங்கே படியே இல்லை. வாசலிலிருந்து தெரு வரை ஒரே மட்டம். இறங்கிக் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

உன் பார்சல் அந்த வீட்டுக்குப் போய், கரண்ட்காரர் முகவரி மாற்றி அனுப்பி, போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. தோல் நேற்றுத் தைத்ததுபோல் இருக்கிறது. மருமகள்தான் நாடா கட்டிவிட்டாள். "இவ்வளவு அழகா இருக்கே அத்தை, இத எதுக்குத் திருப்பிக் குடுத்தீங்க?" என்று கேட்டாள். வாசல் வரை நடந்தேன், திரும்பி வந்தேன். எங்கும் தட்டவில்லை. ஆறு தடவை போய்வந்தேன். ஏழாவது தடவை பசை விட்டுவிட்டது. ஒன்பது வருஷத்துப் பசை. அடிக்கட்டை தோலிலிருந்து பிரிந்து வாய் போல் திறந்துகொண்டது. மருமகள் அப்போது கடைக்குப் போயிருந்தாள். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மகன் ஆபீஸிலிருந்து வரும் வரை.

உன் அண்ணன் மேல் எனக்கு வந்திருக்கும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் பொய் சொன்னவர் மேல் கோபப்படலாம். அந்தப் பொய்யின் மேல்தான் நாற்பது வருஷம் நடந்தேன் என்பதால் முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை. படத்தை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். இன்றும் அவர் முகத்தில் மாறுதல் இல்லை.

இனி எழுதப்போவதை உனக்கு ஒரு அந்நியர் உரக்கப் படித்துக்காட்டுவார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நான் அன்று சொன்னதும் ஒரு வார்டு முழுக்கக் கேட்டது. ஆகவே அது சரிதான். தபால்காரர் அவர்களே, அடுத்த வரியை முணுமுணுக்காமல், விழுங்காமல், அடுத்த அறைக்கும் கேட்கும்படி படியுங்கள்.

நீ எதையும் திருடவில்லை தம்பி. திருடினாய் என்று சொன்னது பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு.

நன்றி, தபால்காரரே. மீதியை உங்கள் விருப்பம்போல் படிக்கலாம்.

பிரிந்த அடிக்கட்டையை ஒட்ட எந்தப் பசை வாங்க வேண்டும், எத்தனை மணி நேரம் அழுத்தி வைக்க வேண்டும் என்று சொல்லி எழுதச் சொல். ஒரு கையால் செய்யக்கூடியதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மருமகள் பிடித்துக்கொள்வாள், அவளுக்குக் கை பதறாது.

ஒன்று விட்டுப்போயிற்று. பார்சலைப் பிரித்ததும் அவள் தானாகவே ஸ்கேலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். என்னைப் பற்றி மகன் சொல்லிவைத்திருப்பான். வாங்கினேன். ஷூவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அளக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணி